கான்ட்ராவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும்

வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன் என்று காலை நடையில் சொன்னேன். கூட வந்தவர்கள் நடையையே நிறுத்திவிட்டார்கள். "சார், உங்களுக்கு எழுபத்திரண்டு முடிஞ்சிருச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர், போன மாதம் நான் எழுதிய முழங்கால் வலிக் கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். முழங்கால் எங்கேயும் போய்விடாது. அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்த விஷயம் இரண்டு வருடமாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

1995-இல் இலாகா பயிற்சிக்காக மீனம்பாக்கம் போயிருந்தேன். திரும்பி வரும்போது பர்மா பஜாரில் ஒரு டிவி கேம் வாங்கினேன். கடைக்காரர் 1,500 சொன்னார், 1,100-க்கு முடிந்தது. ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும் வரைக்கும் செங்கல்லை வைத்துக் கட்டியிருப்பானோ என்ற பயம் எனக்கு. செங்கல் இல்லை. வெள்ளைப் பெட்டி ஒன்று, வயரோடு இரண்டு ரிமோட், மஞ்சள் கேசட் ஒன்று, சூடாகிற அடாப்டர் ஒன்று. அப்போது பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு. கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே அதுதான் முதல் டிவி கேம். நாலு நாளில் தெருப் பையன்கள் பாதிப் பேர் எங்கள் கூடத்தில்தான் இருந்தார்கள். "பிக்சர் ட்யூப் போயிடும்" என்று என் மனைவி கத்திக்கொண்டே இருப்பாள். கத்திக்கொண்டே எல்லோருக்கும் காராபூந்தி கொடுப்பாள்.

அந்தப் பெட்டி ஜப்பானில் 1983-இல் வந்த ஃபேமிகாம் என்ற கருவியின் நகல் என்பதெல்லாம் பல வருடம் கழித்துச் சின்னவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலே அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருந்தவை முப்பதோ நாற்பதோதான், பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். படம் வராவிட்டால் கேசட்டை வெளியே எடுத்து அடியில் ஊத வேண்டும். நம் வயதுக்காரர்கள் வீட்டில் பையன்கள் இருந்திருந்தால் இந்த ஊதலை மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த முப்பது நாற்பதில் எங்கள் வீட்டில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கான்ட்ரா. கொனாமி என்ற ஜப்பான் நிறுவனம் 1987-இல் முதலில் கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காகச் செய்தது, அடுத்த வருடம் வீட்டுக் கருவிக்கும் வந்தது. இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். ஒருவனுக்கு நீலக் கால்சட்டை, மற்றவனுக்குச் சிவப்பு. நீலம் எப்போதும் பெரியவன். இது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு குண்டு பட்டால் போதும், ஆள் காலி. மொத்தம் மூன்று உயிர்தான்.

மூன்று உயிரை முப்பதாக்க ஒரு வழி உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். எதிர்வீட்டுப் பையனுக்கு யாரோ சொல்லி, அவன் எங்கள் பையன்களுக்குச் சொல்லி, பெரியவன் அதை தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருந்தான். கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986-இல் கிராடியஸ் என்ற வேறு ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது, தன்னால் அதை ஆடி முடிக்க முடியவில்லை என்று தனக்காகச் செய்துகொண்ட குறுக்குவழியாம் அது. அவர் 2020-இல் காலமானார். செய்தி வந்த அன்று சின்னவன் சிங்கப்பூரிலிருந்து எனக்கு அனுப்பினான். அண்ணனுக்கு அனுப்பவில்லை.

அந்த ஆட்டத்தில் நான் கவனித்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஒன்று, மூன்றாவது கட்டத்தில் வரும் அருவி. பாறைப் படிகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் படமும் அவனோடு மேலே நகரும். பின்தங்கியவன் நின்ற பாறை திரையின் அடியில் மறைந்துபோகும், அவன் செத்துப்போவான். எதிரி யாரும் சுட வேண்டியதில்லை, கூடப் பிறந்தவனின் அவசரமே போதும். எங்கள் வீட்டில் அடிதடி நடந்ததெல்லாம் அந்த அருவியில்தான். இன்னொன்று, ஒருவனுக்கு உயிர் எல்லாம் தீர்ந்துவிட்டால் மற்றவனுடைய கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு தொடரலாம். "அண்ணே, ஒரு லைஃப் எடுத்துக்கிறேன்" என்று சின்னவன் கேட்பான். கேட்பதற்கு முன்பே எடுத்தும் இருப்பான்.

அவர்கள் வளர்ந்தார்கள். பெட்டி பரணுக்குப் போயிற்று. பிறகு ஒரு மனை விற்ற விஷயத்தில் இருவருக்கும் பேச்சு நின்றது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இருவருமே இதை வாசிக்கிறார்கள். நாலு வருடம் பேசவில்லை.

2023-இல் என் மனைவி காலமானாள். பெரியவன் சென்னையிலிருந்து வந்தான், சின்னவன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து வந்தான். பதினாறு நாளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பந்தல்காரருக்குப் பணம் கொடுப்பதுகூட என் வழியாகத்தான். "அவனைக் கேட்டுக்குங்கப்பா", "அவர்கிட்டச் சொல்லிடுங்கப்பா" என்றே பேச்சு நடந்தது. காரியம் முடிந்த இரவு, உறவினர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவனின் மகன், அப்போது பத்து வயது, தன்னுடைய ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியை டிவியில் மாட்டினான். "அப்பா, உங்க பழைய கேம் இதுல இருக்கு" என்று ஓட்டினான். கான்ட்ரா தொடங்கும் இசை வந்தது. எனக்குச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

பேரன் ஒரு ரிமோட்டை அப்பாவிடம் கொடுத்தான். மற்றதைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, பெரியப்பாவிடம் நீட்டினான். இப்போதைய ரிமோட் சோப்புக்கட்டியைவிடச் சின்னது. பெரியவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஆடினார்கள். பேசவில்லை. காடு முடிந்தது, பாலம் வெடித்தது, அருவி வந்தது. சின்னவன் விறுவிறுவென்று ஏறினான்.

"டேய், மேல போகாதடா, நில்லுடா!"

நாலு வருடத்தில் பெரியவன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். சின்னவன் நின்றான். "சரிண்ணே, தாவு" என்றான். இரவு ஒரு மணி வரை ஆடினார்கள். கடைசியில் யார் யாரிடம் உயிர் வாங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆட்டங்களைப் புதுக் கருவிகளில் ஓடும்படி செய்து மறுபடி விற்பது இன்று பெரிய வியாபாரம். நம் தலைமுறைக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 1964-இல் வந்த "கர்ணன்" 2012-இல் டிஜிட்டலாகச் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்ததே, அந்த மாதிரி. பேரனின் கருவியில் இருந்தது 2019 ஜூனில் கொனாமி வெளியிட்ட கான்ட்ரா தொகுப்பு. பழைய ஆட்டங்கள் பத்து அதில் உண்டு. நேர்மையான வேலை என்பேன். அருவியும் அப்படியே இருக்கிறது, அந்தப் பொத்தான் வரிசையும் வேலை செய்கிறது. பழைய படங்களின் நெகட்டிவ்கள் எத்தனை அழிந்துபோயின என்று நமக்குத் தெரியும். ஆட்டங்களின் கதியும் அதுதான். வீடியோ கேம் வரலாற்றுக்காக அமெரிக்காவில் இயங்கும் ஓர் அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று அது சொன்னது. ஆகவே மறுபடி வெளியிடுகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இன்னும் நிறைய வெளியிடட்டும்.

ஆனால் சினிமாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. "கர்ணன்" படத்துக்குத் திரையும் ஒலியும் சரியாக இருந்தால் போதும். தியேட்டரில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் சிவாஜி சிவாஜிதான். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அப்படியில்லை. எதிரே ஒரு ஆள் வேண்டும். படத்தைப் பளபளப்பாக்கி, ஒலியைக் கூட்டி, அந்த இன்னொரு ஆள் வந்து சேரும் வழியை அடைத்துவிட்டால், விற்றது பாதி ஆட்டம்தான்.

முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் இலாகாவில் இருந்தவனுக்கு இது சட்டென்று புரிகிறது. டெலிபோன் கருவியைத் தங்கத்தில் செய்து மேஜையில் வைக்கலாம். எக்ஸ்சேஞ்ச் இல்லாவிட்டால் அது காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கத்தான் ஆகும்.

இந்த ஆட்டங்களில் இரண்டு ஜாதி உண்டு. கான்ட்ரா மாதிரி ஒரே டிவி முன் தோளோடு தோள் உட்கார்ந்து ஆடுவது ஒன்று. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு இணையம் வழியாக ஆடுவது மற்றது. இரண்டாவது வகைக்கு நடுவில் சர்வர் வேண்டும். நான் அதை எக்ஸ்சேஞ்ச் என்றுதான் சொல்வேன், பையன்கள் சிரித்தாலும் பரவாயில்லை. யார் யாரோடு ஆட வேண்டும் என்று கோர்த்துவிடுவது அதுதான்.

1997-இல் நிண்டெண்டோ 64 கருவியில் கோல்டன் ஐ என்று ஒரு ஜேம்ஸ் பாண்ட் ஆட்டம் வந்தது. ரேர் என்ற இங்கிலாந்து நிறுவனம் செய்தது. ஒரே டிவியை நாலாகப் பிரித்து நாலு பேர் ஒருவரையொருவர் வேட்டையாடலாம். தன் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்தவன் கட்டத்தை எட்டிப் பார்த்து அவன் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அதில் பெரிய குற்றமாம். எல்லோரும் செய்வார்களாம். இந்த நாலு பேர் ஆட்டம் தயாரிப்பின் கடைசி மாதங்களில்தான் சேர்க்கப்பட்டது. இன்று அந்த ஆட்டத்தை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். 2023 ஜனவரி 27 அன்று அது இரண்டு கருவிகளில் ஒரே நாளில் மறுபடி வந்தது. ஸ்விட்ச் கருவியில் படம் பெரும்பாலும் பழைய மாதிரியே, ஆனால் வேறு வேறு வீடுகளிலிருந்து இணையத்தில் ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் கருவியில் படம் துல்லியமாக இருக்கும், ஆனால் ஒரே அறையில்தான் ஆட முடியும். ஒரே ஆட்டம், ஒருவருக்குப் படம், மற்றவருக்கு இணைப்பு. நான் சின்னப் பையனாக இருந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மங்கலான படத்தோடு இணைப்பைத்தான் கேட்டிருப்பேன்.

எக்ஸ்சேஞ்ச் மூடுவதைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சை நம்மில் சிலராவது பார்த்திருப்பீர்கள். ஒரு ஹால் முழுக்க இரும்புச் சட்டங்கள். ஊரில் யாராவது நம்பரைச் சுற்றினால் உள்ளே ஸ்விட்சுகள் டக டகவென்று ஏறி இறங்கும். சத்தத்தை வைத்தே மழை வரப்போகிறதா, கிரிக்கெட் மேட்ச் முடிந்துவிட்டதா என்று எங்களுக்குத் தெரியும். எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது பழையதை மூடினோம். அதற்குக் கட் ஓவர் என்று பெயர். நள்ளிரவுக்கு மேல், பேச்சு குறைந்த நேரத்தில் செய்வோம். நான் பங்கெடுத்த முதல் கட் ஓவரில் எல்லா வேலையும் தயார், ஆனால் ஒரு லைனில் மட்டும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. "முடிக்கட்டும்யா" என்றார் அதிகாரி. இருபது நிமிடம் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பேச்சு முடிந்தது, பழையது நின்றது, புதியது உயிர் பெற்றது. காலையில் ஊர்க்காரர்களுக்கு டயல் டோன் கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2010-இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே காட்சி நடந்தது. ஹேலோ 2 என்ற ஆட்டம் 2004-இல் வந்தது. முதல் எக்ஸ்பாக்ஸ் கருவியில் இணையம் வழியாக லட்சக்கணக்கானவர்கள் ஆடிய ஆட்டம். அந்தப் பழைய கருவிக்கான சேவையை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்துவதாக அறிவித்தார்கள். பழைய ஆட்டங்களை வைத்துக்கொண்டு சேவையில் புதிய வசதிகளைச் சேர்க்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை. அதைப் புரிந்துகொண்ட ஒரு சிறு கூட்டம் கருவியை அணைக்கவே இல்லை. கரண்ட் போனாலோ இணையம் ஒரு நொடி விட்டாலோ திரும்பி வர வழியில்லை. ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசி ஆள் மே மாதம் 11-ஆம் தேதி வாக்கில்தான் வெளியேறினார். கிட்டத்தட்ட நாலு வாரம், ரிசீவரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பெரியவன் இதை எனக்குச் சொன்னபோது வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் காலத்தில் ஒரு எக்ஸ்சேஞ்சை மூடினால் சந்தாதாரர்களை இன்னொன்றுக்கு மாற்றிய பிறகுதான் மூடுவோம். தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தினார்கள், நான் ஓய்வு பெற்ற வருடம். அதற்குள் செய்தி அனுப்ப எல்லார் சட்டைப்பையிலும் வேறு வழி வந்துவிட்டது. அந்த ஹேலோ ஆட்டக்காரர்களுக்கு மறுநாள் காலை அதே ஆட்டத்தை ஆட வேறு எக்ஸ்சேஞ்சை அந்த நிறுவனம் கொடுக்கவில்லை. நாலரை வருடம் கழித்து, 2014 நவம்பரில், புதிய எக்ஸ்பாக்ஸுக்கான தொகுப்பில் அது திரும்பி வந்தது. வந்தபோதும் ஆட்களைக் கோர்த்துவிடும் பகுதிதான் பழுது. பல வாரம் சரியாக வேலை செய்யவில்லை. படம் எல்லாம் பிரமாதம் என்று எழுதினார்கள்.

2014-இல் வந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் கதை இன்னும் மோசம். அதில் தனியாக ஓட்டுவதற்குக்கூட நிறுவனத்தின் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வட்டமான பிளாஸ்டிக் ஆனது. அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் "ஆட்டங்களைக் கொல்லாதே" என்ற இயக்கம் கிளம்பியது. ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவர்கள் கொடுக்கும் மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. சர்வரை என்றென்றும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, ஆட்டம் ஏதோ ஒரு விதத்தில் ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். அநியாயமான கோரிக்கையா இது?

பெரியவன் மென்பொருள் துறையில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னால், "அப்பா, உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று ஆரம்பிப்பான். சர்வர் ஓட்ட மாதா மாதம் செலவு. நூறு பேர் ஆடும் ஆட்டத்துக்கு யார் அழுவது? ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க ஆள் போட வேண்டும். முன்பின் தெரியாத பெரிய ஆட்கள் சின்னப் பிள்ளைகளிடம் கெட்ட வார்த்தை பேசினால் யார் பொறுப்பு? பழைய ஆட்டத்தில் இருக்கும் பாட்டுக்கும் கார் கம்பெனிப் பெயருக்கும் உரிமைக் காலம் முடிந்திருக்கும். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. பேரன் ஒருநாள் ஆடும்போது ஸ்பீக்கரில் வந்த பேச்சைக் கேட்டு நானே போய் ஒலியை நிறுத்தினேன்.

ஆனால் நான் கேட்பது சர்வரை ஓட்டு என்று அல்லவே. தெரிந்தவர் இரண்டு பேர் தங்களுக்குள் நேரடியாக லைன் போட்டுக்கொள்ள வழி வை என்கிறேன். அலுவலகங்களில் இன்டர்காம் இருந்தது. ஊர் எக்ஸ்சேஞ்ச் பழுதானாலும் மேனேஜர் குமாஸ்தாவைக் கூப்பிடலாம். அந்த அளவு போதும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது, முதலிலேயே யோசித்துக் கட்டினால்.

அப்படிக் கட்டிய ஆட்டம் ஒன்று இருக்கிறது என்பதால்தான் தைரியமாகச் சொல்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்பதன் இரண்டாம் பாகம், 1999-இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஊரைக் கட்டி, விளைச்சல் செய்து, படை திரட்டிச் சண்டை போடுவது. நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் காலேஜ் பையன்கள் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடினார்களே, அதேதான். என் இரண்டு பையன்களும் அந்தக் காசை என் சட்டைப்பையிலிருந்துதான் எடுத்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அதற்கும் இணையத்தில் ஓர் அதிகாரபூர்வமான கூடுமிடம் இருந்தது. அதை 2006-இல் மூடினார்கள். ஆட்டம் சாகவில்லை. காரணம், பக்கத்து பக்கத்துக் கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்தோ, இணையத்தில் நேரடியாக ஒருவர் மற்றவரோடு சேர்ந்தோ ஆடும் வழியை 1999-லேயே உள்ளே வைத்திருந்தார்கள். அதனால் வெளியாட்கள் தாங்களாகவே வேறு கூடுமிடங்கள் அமைத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் சிலர் சேர்ந்து அந்த ஆட்டத்துக்குப் புதிய நாடுகளையும் சேர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நிறுவனம் பிறகு அந்த ரசிகர்களையே அழைத்து 2013-இல் அவர்கள் செய்ததை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2019-இல் முழுவதும் புதுப்பித்த பதிப்பு வந்தது, 2023 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸிலும் வந்தது. கம்ப்யூட்டரில் இருப்பவரும் எக்ஸ்பாக்ஸில் இருப்பவரும் சேர்ந்தே ஆடலாம். 26 வயதான ஆட்டத்தில் இன்றும் எப்போது போனாலும் எதிராளி கிடைக்கிறார்கள். ஆடுகிறவர்கள் கையில் இணைப்பை விட்டுவைத்ததால் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்? திரும்பி வந்து விற்பதற்கு ஒரு கூட்டமே காத்திருந்தது.

நமக்கு இன்னொரு சந்தோஷமும் அதில் உண்டு. 2022-இல் சேர்த்த பகுதியில் ராஜேந்திர சோழன் கதை இருக்கிறது. அந்தப் படையினரைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். சுருள்வாள் வீரர்கள்கூட உண்டு. கங்கைகொண்டசோழபுரம் நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே. அந்தக் குரலைக் கேட்டபோது எழுந்து உட்கார்ந்தேன்.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையம் வந்ததும், ஒரே அறையில் ஆடுவது எதற்கு என்று சிலர் அதையே எடுத்துவிடுகிறார்கள். அதே ஹேலோ வரிசையில் 2015-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஒரே டிவியைப் பிரித்து ஆடும் வசதி இல்லை. ஆடுகிறவர்கள் கோபப்பட்டார்கள். இனி விடமாட்டோம் என்று 2017-இல் வாக்கு கொடுத்தார்கள். அடுத்த பாகத்தின் கதைப் பகுதிக்கு அதை 2022-இல் கைவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு கருவி, இரண்டு டிவி, இரண்டு பிரதி என்று வாங்க வைக்கும் கணக்கு இதற்குள் இல்லை என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். காரியம் முடிந்த அந்த இரவில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு டிவி, ஒரு கருவி. இரண்டு ரிமோட் இருந்ததால் நடந்தது.

அந்த இரவோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சின்னவன் கிளம்பிய அன்று அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்துப் பெரியவன் எனக்கு போன் செய்தான். பிரஷர் மாத்திரை, பால் கணக்கு எல்லாம் விசாரித்துவிட்டு, "அவன்கிட்ட எக்ஸ்பாக்ஸ் இருக்காமே, அந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போட்டிருக்கானான்னு கேளுங்கப்பா" என்றான். கான்ட்ராவை ஆடலாம் என்றால் அது ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஆடுவதற்காகச் செய்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் அந்தத் தொகுப்பை ஆட முடியாது.

"நீயே கேளேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

இப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆடுகிறார்கள். அங்கே பத்தரை ஆகிவிடும், மருமகளுக்குக் கோபம். மனை விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. போன மாதம் பெரியவன் தன் பழைய லேப்டாப்பை எனக்கு அனுப்பி, அதில் ஆட்டத்தை ஏற்றி, மூன்றாவது ஆளாக என்னையும் சேர்த்திருக்கிறான். முதலில் காட்டில் திரியும் ஆடுகளைத் தேடிப் பிடித்து ஊருக்கு ஓட்டிவர வேண்டுமாம். இதுவரை அதை மட்டும்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதற்குள் சின்னவனின் படை வந்து என் வேலியை இடித்துவிடுகிறது. "அப்பாவை விடுறா" என்று பெரியவன் கத்துகிறான். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இன்றைக்குச் சனிக்கிழமை.